ஆடி மழையா, ஐப்பசி மழையா?

பழைய வீட்டுப் படங்களைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றிப் பார்க்கிறவர்களுக்காக என் அனுபவம்.

குடியாத்தம் பக்கம் ஒரு நாட்டு ஓட்டு வீடு. திண்ணை, மரத்தூண், சுண்ணாம்புச் சுவர், அடியில் காவிப் பட்டை. கத்திரி வெயிலில் எடுத்த படத்தைப் போனிலேயே மழைக்காலமாக மாற்றி அந்த வீட்டுப் பாட்டியிடம் காட்டினேன். "இடிஞ்சு கெடக்கிற வூட்ட இன்னாத்துக்குப்பா படம் புடிக்கிற?" என்று அதுவரை அலுத்துக்கொண்டிருந்தவர், போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது ஆடி மழையா, ஐப்பசி மழையா?"

நம்ம வட ஆற்காட்டில் கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. ஆடி, ஆவணியில் பகலெல்லாம் காய்ந்து, சாயங்காலம் இடியோடு கொட்டும். மறுநாள் வெயிலில் சுவர் உலர்ந்துவிடும். காவிப் பட்டைக்கு மேலே தெறித்த சேறுதான் மிச்சம். ஐப்பசி அடைமழையில் சுண்ணாம்பு ஊறி, வெள்ளை போய்ச் சாம்பல் திட்டாகும். பாசி எங்கே பிடிக்கும் என்று பாட்டி விரலை வைத்தே காட்டினார்: இரண்டு கூரை சேரும் மூலைக்கு நேர் கீழே. அப்புறம் என்ன, ஆடிக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று என்று இரண்டு படம் செய்தேன்.

ஓட்டுக்கு ஒரு குறிப்பு. காய்ந்த பழைய ஓடு வெளிறிக் கிடக்கும். நனைந்தால் நுண்துளைகளில் தண்ணீர் ஏறி, ஒளி சிதறுவது குறைந்து, கருஞ்சிவப்பாகும். வெளிச்சத்தைக் குறைத்து, சிவப்பைக் கொஞ்சம் ஏற்றி, ஓட்டு விளிம்பில் மட்டும் பளபளப்பு விட்டால் போதும். படம் முழுக்க நீலம் பூசினால் மழை வராது, சினிமா போஸ்டர்தான் வரும்.

நிறத்தைவிடப் படுத்துவது நிழல். சித்திரை நடுவிலிருந்து ஆவணி பிறக்கும் வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் வடக்கே இருக்கும். வடக்குப் பார்த்த முகப்பில் அந்த மாதங்களில் காலையும் மாலையும் வெயில் சாய்ந்து விழும். மார்கழியில் நாள் முழுக்க நேர் வெயிலே படாது. வைகாசிப் படத்தில் மூடுபனியைப் போட்டு, தூணின் நிழலை அப்படியே விட்டால் மார்கழி எப்படி வரும்? அதனால் இப்போதெல்லாம் மேகமூட்டமான நாளில்தான் அசல் படம் எடுக்கிறேன்.

ரெடிமேட் ஃபில்டர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'இலையுதிர் காலம்' என்று மரத்தையெல்லாம் ஆரஞ்சு ஆக்கிவிடும். நம் வேம்பு மாசி, பங்குனியில் கொட்டும். கையோடு தளிரும் பூவும் வந்துவிடும்.

பொங்கலுக்கு வெள்ளையடித்த மாதிரியும் ஒரு படம் செய்தேன். பாட்டியின் மகனுக்கு அதுதான் பிடித்தது. வீட்டை விற்கிற விளம்பரத்தில் போட வேண்டும், அனுப்பு என்றார். அதற்கு மட்டும் அசல் படத்தைத்தான் அனுப்பினேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.