உயிர்ச்சுவடு படிப்பிக்க மாதிரிகள் தேவை

வணக்கம். வவுனியாவில் இரண்டாம் வருட மாணவர்களுக்கு உயிர்ச்சுவட்டியல் (பாறையில் பதிந்துபோன பழங்கால உயிர்களின் தடயங்களைப் பற்றிய பாடம்) படிப்பிக்கிறேன். சிக்கல் என்னவென்றால், வன்னியில் காலுக்குக் கீழே இருப்பதில் பெரும்பகுதி கேம்பிரியனுக்கு முந்திய (54 கோடி ஆண்டுகளுக்கும் பழைய), வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. புவிச்சரிதவியலாளர்கள் அதை வன்னித் தொகுதி என்றே அழைக்கிறார்கள். பெயர் எங்களுடையது, உள்ளே ஒரு சிப்பிகூடக் கிடையாது!

ஆய்வுகூட அலுமாரியில் ஆறு மாதிரிகள்தான். அதில் ஒன்றின் லேபிளைக் கறையான் தின்றுவிட்டது.

போன கிழமை களிமண்ணில் மட்டிச் சிப்பியை அமுக்கி எடுத்து, பள்ளத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றினோம். காய்ந்து கழற்றியதும் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், இதில எது உயிர்ச்சுவடு? பள்ளமா, உள்ளுக்க இருந்து வந்ததா?" பள்ளம் அச்சு, உள்ளிருந்து வந்தது வார்ப்பு; இரண்டும்தான் என்றேன். அதற்குப் பிறகு வெறும் சிலைட் போட்டுக் காட்ட மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டியபோது வெளியே போட்ட, சிப்பி அடையாளம் தெரிகிற சுண்ணக்கல் யாரிடமாவது இருக்கிறதா? மயோசீன் காலக் கடலில் (சுமார் 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்) படிந்த கல் அது. உள்ளங்கை அளவு போதும். ஊரும் ஆழமும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்; இடம் தெரியாவிட்டால் பாதிப் பாடம் போய்விடும்.

தமிழ்நாட்டு அரியலூர்ப் பக்கத்து உறவுகள், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெற்றேசியஸ் கால அமோனைற்றுகளை (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிர்கள்) அடிமட்டம் வைத்துப் படமெடுத்து அனுப்பினாலும் சரி. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கிடைத்த நீர்யானை, காண்டாமிருகப் பற்களின் படங்களும் வேண்டும். (இலங்கையில் காண்டாமிருகமா என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.)

கல்லை வவுனியா பஸ்ஸில் ஆரிடமாவது கொடுத்துவிட்டால், நானே ஸ்ராண்டுக்கு வந்து எடுப்பேன்.