சிங்குக்குக் கீழ் பில்டர்: பிரஷர் காணாது, என்ன செய்யலாம்?

வெள்ளவத்தையில் மேல்மாடி வீடு. தண்ணி மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வருது. உயரம் 3 மீற்றர், அதாவது 0.3 பார் பிரஷர்தான். 10 அங்குல ஹவுசிங் (பில்டர் வைக்கிற கூடு) இரண்டு: முதலில் மண், தூசு பிடிக்கிற 5 மைக்ரோன் செடிமென்ட் பில்டர், பிறகு கார்பன் பிளாக் (இறுக்கி அழுத்தின கார்பன் கட்டி). கார்பனைக் கழற்றினால் தண்ணி நல்லா வருது, பூட்டினால் நூலாகத்தான் ஒழுகுது. கார்பன் புதுசு, அடைப்பில்லை.

பிளாக்குக்குப் பதிலாகத் துகள் கார்பன் போடலாமா? துகளுக்குள் தண்ணி இடைவெளி பார்த்து ஓடிவிடும், குளோரின் மணம் மிஞ்சும் எண்டு தயக்கம். இல்லாட்டி சின்ன பூஸ்டர் பம்ப்? அப்ப ஹவுசிங்கில் குறிச்ச உச்சப் பிரஷரைத் தாண்டக்கூடாது.

கசிவு இல்லை. ஹவுசிங்கின் ரப்பர் வளையத்துக்கு (ஓ-ரிங்) சிலிக்கோன் கிரீஸ்தான். வாஸ்லின் பூசச் சொல்லாதேங்கோ, சில வகை ரப்பர் ஊதிப்போகும்.

பம்ப் பூட்டினவை இருந்தால், எத்தனை பார், சத்தம் எப்படி எண்டு சொல்லுங்கோ.