உதவி: மாஹுல் காற்று வரைபடத்தில் மாசு வாஷி பக்கம் தள்ளித் தெரிகிறது, ஏன்?

செம்பூர்வாசி:
வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறேன், புவியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. என் பெரியம்மா குடும்பம் பக்கத்தில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய மாஹுலில், மறுகுடியமர்த்தல் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. விடிகாலை நாலரை, ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்தால் பெட்ரோல் பங்க்கில் நிற்பதுபோல நெடி அடிக்கும். பெரியம்மாவுக்கு இரண்டு வருடமாக இருமல் விடவில்லை. இதை வரைபடமாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்றுதான் ஆய்வுத் தலைப்பாகவே எடுத்தேன்.

செயற்கைக்கோள் தரவுகளை அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சின் தளத்தில் சென்டினல்-5பி செயற்கைக்கோளின் நைட்ரஜன் டை ஆக்சைடு தரவை எடுத்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சராசரி போட்டேன். ஒரு கிலோமீட்டர் பிக்சல். மைனஸ் எண்களைப் பிழை என்று நீக்கிவிட்டேன். வந்த படத்தில் மாஹுல் வெளிறிக் கிடக்கிறது. சிவப்பு எல்லாம் தாணே ஓடைக்கு அக்கரையில், வாஷி, துர்பே பக்கம். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

அப்புறம், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2015-16இல் விமானத்திலிருந்து எடுத்த அவிரிஸ்-என்ஜி படங்களை வைத்து இன்னும் நுணுக்கமாகப் பார்க்க முடியுமா?

கடற்காற்று:
தம்பி, இடக்குறிப்பில் தப்பு இல்லை. அந்தச் செயற்கைக்கோள் சூரிய நேரப்படி மதியம் ஒன்றரைக்குக் கடக்கிறது, நம் கடிகாரத்தில் இரண்டு மணியை ஒட்டி. அந்நேரம் மேற்கிலிருந்து கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும். நொடிக்கு 5 மீட்டர் என்றாலே மணிக்கு 18 கிலோமீட்டர். புகைபோக்கியிலிருந்து வருவதில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடு. அது ஓசோனோடு சேர்ந்து டை ஆக்சைடாக மாறுவதற்குள் ஓடையைத் தாண்டிவிடும். அதோடு தாணே-பேலாப்பூர் தொழிற்பேட்டையும் அங்கேதான் இருக்கிறது. அக்கரைச் சிவப்பு முழுவதையும் மாஹுல் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

ஒரு கிலோமீட்டர் பிக்சல் என்பதை நம்ப வேண்டாம். எர்த் எஞ்சின் 0.01 டிகிரி கட்டங்களில் பரப்பித் தருகிறது, அவ்வளவுதான். கருவி உண்மையில் பார்ப்பது 5.5க்கு 3.5 கிலோமீட்டர். ஆலைகள், மின்நிலையம், குடியிருப்பு, ஈஸ்டர்ன் ஃப்ரீவே எல்லாம் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும்.

மைனஸ் எண்களைத் திரும்பச் சேருங்கள். அவை அளவீட்டின் இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம். அவற்றை நீக்கினால் நகரத்தின் மேல் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் கடல் பக்கம் பின்னணி அளவு பொய்யாக உயரும். பிறகு ஈஆர்ஏ5 என்ற உலக வானிலைத் தொகுப்பின் காற்றுத் தரவில் யூடிசி 8, 9 மணியை (நம் நேரம் மதியம் ஒன்றரை, இரண்டரை) மட்டும் எடுத்து, காற்று பலமான நாட்களையும் மந்தமான நாட்களையும் பிரித்துத் தனித்தனியாகச் சராசரி போடுங்கள்.

கலா_மாட்டுங்கா:
விமானப் படங்களைப் பற்றி நான் சொல்கிறேன். அவிரிஸ்-என்ஜி ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, 380 முதல் 2510 நானோமீட்டர் வரை, 5 நானோமீட்டர் இடைவெளியில் பார்க்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடின் மெல்லிய உறிஞ்சல் கோடுகளைப் பிரிக்க அரை நானோமீட்டர் அளவுக்கு நுணுக்கம் வேண்டும். கந்தக டை ஆக்சைடுக்கான 310-325 நானோமீட்டர் பகுதியோ அதன் எல்லைக்குள்ளேயே இல்லை. மீத்தேன் கசிவு பெரிதாக இருந்தால் 2300 நானோமீட்டரை ஒட்டிப் பிடிக்கலாம்.

தொழிற்சாலைப் புகைக்கென்றே விமானக் கருவிகள் இருக்கின்றன. 2021 செப்டம்பரில் ஹூஸ்டனில் நாசா ஜிகேஸ் என்ற கருவியைப் பறக்கவிட்டு, சில நூறு மீட்டர் பிக்சலில் ஒரே நாளில் மூன்று முறை வரை நகரத்தையும் கப்பல் கால்வாய்க்கரை ஆலைகளையும் வரைந்தது. காலையில் புகை எங்கே, மாலையில் எங்கே என்று அதில் தெரியும். மாஹுலை ஒட்டிய டிராம்பேயில் ட்ரோன் வைத்து நாமே செய்யலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். பக்கத்திலேயே அணு ஆராய்ச்சி மையம். 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

ஆனால் எனக்கு மனசு உறுத்துவது வேறு. உங்கள் பெரியம்மாவுக்கு நெடி வருவது விடியும் முன்னால். இந்தக் கருவிகள் எல்லாம் சூரிய ஒளி தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து அளப்பவை, விமானத்தில் வைத்தாலும் இருட்டில் ஒன்றும் தெரியாது. அதோடு பெட்ரோல் நெடி என்றால் அது பென்சீன், டொலுவீன் போன்ற ஆவிகள். நீங்கள் வரைந்திருப்பது எரிப்பதால் வரும் வாயுவை. 2020இல் மாஹுல் வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பேசியதும் இந்த ஆவிகளைப் பற்றித்தான். குளிர்கால விடியலில் தரைக்காற்று கடலை நோக்கி மெல்ல வீசும், மேலே வெப்பத் தலைகீழ் அடுக்கு (குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று) மூடி போட்டதுபோல நிற்கும், ஆவி தரையோடு தங்கும். மதியம் இரண்டு மணிப் படத்தில் இதை எப்படித் தேடுவீர்கள்?

கரி நிரப்பிய சிறு உறிஞ்சு குழாய்களைப் பத்து, பதினைந்து நாள் தொங்கவிட்டு ஆய்வகத்தில் கொடுங்கள். இந்த ஆவிகளை உடனுக்குடன் அளக்கும் கையடக்க பிஐடி கருவி கிடைத்தால் விடிகாலை ஏற்றத்தை உடனே காட்டும், ஆனால் மும்பை ஈரப்பதத்தில் தப்பு சொல்லும். அதை மட்டும் நம்பாதீர்கள். நெடி வந்த நேரத்தைப் பெரியம்மாவை ஒரு நோட்டில் தினமும் குறிக்கச் சொல்லுங்கள்.

செம்பூர்வாசி:
அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. அண்ணா சொன்னபடி பிரித்துப் போட்டேன். காற்று மந்தமான நாட்களில் சிவப்பு ஓடைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. பலமான நாட்களில் வாஷிதான். துர்பே பக்கம் ஒரு திட்டு இரண்டிலும் அசையாமல் இருக்கிறது.

நோட்டு தொடங்கிப் பதினோரு நாள் ஆகிறது. ஏழு நாள் நெடி, எல்லாமே ஆறு மணிக்கு முன்னால். பெரியம்மா நேரத்தோடு "கண் எரிந்தது", "தலைவலி" என்றும் எழுதியிருக்கிறார். மேற்பார்வையாளரிடம் காட்டினேன், குழாய்களுக்குச் சம்மதித்துவிட்டார். எங்கே, எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் அக்கா?

கலா_மாட்டுங்கா:
ஆள் மூச்சுவிடும் உயரத்துக்குச் சற்று மேலே, இரண்டு மீட்டர் போல, குழந்தைகள் கை எட்டாத மாதிரி. வெயிலும் மழையும் நேராகப் படாமல் ஒரு கவிழ்த்த டப்பாவுக்குள் வையுங்கள், சமையலறை ஜன்னல், பைக் நிறுத்துமிடம் பக்கம் வேண்டாம். ஒன்றைப் பெரியம்மா கட்டடத்தில், ஒன்றை ஆலைச் சுவர் ஓரம், ஒன்றை தூரத்தில் உங்கள் வீட்டில். நான்காவதைத் திறக்காமலே கூடவே கொண்டுபோய்க் கொண்டுவந்து ஆய்வகத்தில் கொடுங்கள். அதில் எவ்வளவு இருக்கிறதோ அதை மற்ற மூன்றிலிருந்தும் கழிக்க வேண்டும்.