பாட்டியின் குரல் இருக்கும் கேசட் சுற்ற மறுக்கிறது, உதவி வேண்டும்

வணக்கம். 1987-ல் அப்பா பதிவு செய்த 90 நிமிட கேசட் இது. பாட்டி மாலைப் பிரார்த்தனை சொல்வதும், நடுவில் பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொள்வதும் அதில் இருக்கின்றன. எனக்கு நம்பிக்கை வந்ததே அந்தக் குரலைக் கேட்டுத்தான். அவர் விட்டுப்போன சொத்தாக நான் நினைப்பதும் இதைத்தான். என் மகளும் கேட்க வேண்டும்.

போன மாதம் போட்டபோது இரண்டு நிமிடம் ஓடியது. என் பெயர் வரும் இடத்தில் குரல் இழுத்து இழுத்து, அப்படியே நின்றுவிட்டது. வேறு பிளேயரிலும் அதே கதை. ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பென்சிலை விட்டுச் சுற்றினால் நாலு சுற்றில் இறுகுகிறது. 90 நிமிட நாடா மெல்லியது, அறுந்துவிடுமோ என்று அப்புறம் தொடவில்லை. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறது, பூஞ்சையாக இருக்கலாம். வேறு நகல் கிடையாது.

கேசட் கூட்டில் திருகாணி இல்லை, ஒட்டி மூடியது. நாடாவுக்குச் சேதம் வராமல் இதைத் திறந்து, திருகாணி வைத்த வேறு கூட்டுக்கு மாற்றுவது எப்படி?