ஏற்றத்தில் மூச்சு முட்டும் 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம்: பெட்ரோலா, ஸ்பார்க்கா?

மணல்காற்று (பீனிக்ஸ், அரிசோனா) | ஏப்ரல் 14

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம், 26 அடி, பாம் பீச் மாடல். 455 கன அங்குல எஞ்சின், குவாட்ராஜெட் கார்பரேட்டர், எஞ்சினோடு ஒட்டிய பழைய ஃப்யூவல் பம்ப், எல்லாமே கம்பெனியிலிருந்து வந்தபடி. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

ஊருக்குள் ஓட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐ-17 நெடுஞ்சாலையில் ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் கிளம்பினால்தான் வம்பு. பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி சன்செட் பாயிண்ட் ஏற்றம் தொடங்கியதும் வண்டி இரண்டு முறை குலுங்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வெறும் காற்று உறிஞ்சும் சத்தம் மட்டும் வரும், அப்புறம் அணைந்துவிடும். முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். வெயில் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும் நாளில்தான் இப்படி. ஜனவரியில் இதே ஏற்றத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

டேங்க் சுவிட்சை ‘மெயின்’ இலிருந்து ‘ஆக்ஸ்’ க்கு, அதாவது இரண்டாவது டேங்குக்கு, மாற்றினால் சில நேரம் உயிர் வருகிறது, ஒரு 20 நிமிடம் ஓடுகிறது, பிறகு மறுபடியும் அதே கதை. பெட்ரோல் மூடியைத் திறந்தால் ‘உஸ்ஸ்’ என்று பெரிய சத்தம்.

இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கார்பரேட்டரைப் பிரித்துச் சேர்த்துவிட்டு 900 டாலர் வாங்கினார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

போன சனிக்கிழமை சாலையோரத்தில் இரண்டு குழந்தைகளோடு நின்றபோது மனைவி அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: “இதை வித்துட்டுப் புதுசா ஒண்ணு வாங்கினா என்ன?” சத்தம் போட்டிருந்தால்கூட சமாளித்திருப்பேன். யாராவது வழி சொல்லுங்கள்.

பட்ஜெட்பாலா (ஆஸ்டின்) | ஏப்ரல் 14

தங்கச்சி சொல்வது நியாயம்தான் பாஸ். 50 வருடத்து வண்டி, காலனுக்கு 8 மைல். குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த ரிஸ்க் எதற்கு?

பழைய மெக்கானிக் (கோவை, இப்போது மகன் வீட்டில் டல்லாஸ்) | ஏப்ரல் 15

தம்பி, விற்பது வாங்குவது எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். நீங்கள் சொன்ன அடையாளங்களுக்கு இரண்டு நோய் பொருந்தும். ஒன்று வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைப்பது. இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் எச்இஐ இக்னிஷன் மாட்யூல். அதுவும் சூடானால் மயங்கும், ஆறினால் எழுந்து உட்காரும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பாகம் மாற்றினால் இன்னொரு 900 டாலர் போகும்.

எப்படிப் பார்ப்பது? மலையில், சாலையோர ஷோல்டரில் நின்று செய்ய வேண்டாம். பிளாக் கேன்யன் சிட்டி வரை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். ஒதுக்குப்புறமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து 10 நிமிடம் சும்மா விடுங்கள். ஓடும்போது வருகிற காற்று நின்றதும் எஞ்சின் மூடிக்கு அடியில் சூடு இன்னும் ஏறும். வேப்பர் லாக் என்றால் அப்போது பெரும்பாலும் அடம் பிடிக்கும்.

அடம் பிடித்ததும், முன்சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் எஞ்சின் மூடியைத் தூக்குங்கள். ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். கார்பரேட்டரின் முன் இரண்டு துளைகளைப் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் ஒருமுறை முழுசாக இழுங்கள். எஞ்சின் ஓடக்கூடாது, சாவி ஆஃப். இரண்டு மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சினால் கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, ஸ்பார்க்கைத் தேடுங்கள். வறண்டு கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. அதன் பிறகு, தனியாக, ஸ்பார்க் டெஸ்டர் வைத்தும் பாருங்கள். பக்கத்தில் தீயணைப்பான் கட்டாயம் இருக்க வேண்டும். பெட்ரோலைக் கார்பரேட்டருக்குள் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வீட்டுக்குள்ளேயே எஞ்சின் இருக்கும் வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்னொரு கேள்வி. பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்ஸ்’ என்றீர்களே, காற்று உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா? ஒரு டிஷ்யூ தாளைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுத்தால் டேங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. வெளியே தள்ளினால் டேங்குக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிறது.

கிளிநொச்சியான் (ஸ்காபரோ, கனடா) | ஏப்ரல் 15

அண்ணை, என்னட்டையும் இதே வண்டிதான், 1977, 403 எஞ்சின். எனக்கும் இந்தக் கரைச்சல் இருந்தது. ஐயா சொன்ன சோதனையைச் செய்யுங்கோ.

பாலா அண்ணை, ஒரு விசயம் சொல்லலாமா? முதலில் நான் வாங்கினது 12 வயதான வேறொரு மோட்டார்ஹோம். பெயர் வேண்டாம். மரச்சட்டத்தில் ஆணி அடித்து, மேலே ரப்பர் கூரை. மூலையில் ஒரு இடத்தில் மழை ஒழுகினது. உள் பலகையை விரலால் அமத்திப் பார்த்தேன், விரல் உள்ளே போய்விட்டது! தண்ணியில் ஊறின பாண் மாதிரி. அதைத் திருத்தக் கேட்ட காசுக்கு இந்த ஜிஎம்சியையே வாங்கலாம் போல இருந்தது, வாங்கினேன்.

இதில் உடம்புச் சட்டம் அலுமினியம், வெளித்தோல் அலுமினியமும் ஃபைபர்கிளாசும். உக்குவதற்கு அங்கே மரம் இல்லை. ஆனால் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அடிச் சட்டம் இரும்பு. எங்கட ஊரில் பனிக்கு உப்புப் போடுவார்கள், பின்பக்கம் துரு பிடிக்கும். நான் வெல்டிங் செய்த ஆள். அரிசோனா வண்டிக்கு அந்தக் கவலை குறைவு, நீங்கள் கொடுத்து வைத்தவர்.

பட்ஜெட்பாலா | ஏப்ரல் 15

சரி, உக்காது. நின்றுபோகிறதே!

ரெட்வுட்காரி (வட கலிஃபோர்னியா) | ஏப்ரல் 16

பாலா, நின்றால் ஏன் நின்றது என்று டிஷ்யூ தாளை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதே, அதைப் பாருங்கள். என் தோழியின் புது வண்டி நடுவழியில் நின்றபோது டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. லேப்டாப்போடு ஆள் வர நான்கு நாள்.

எங்களிடம் இருக்கும் ஜிஎம்சிக்கு நானும் கணவரும் மூன்றாவது ஓனர்கள். அடிக்கடி யோசிப்பேன், இந்த வண்டியில் அப்படி என்ன இருக்கிறது என்று. 1973 முதல் 1978 வரைதான் செய்தார்கள், மொத்தமே 13,000-க்குக் கொஞ்சம் குறைவு. மற்ற மோட்டார்ஹோம்களில் லாரிக் கம்பெனி சேசிஸைச் செய்யும், வேறொருவர் அதன் மேல் ஒரு பெட்டியைக் கட்டி வைப்பார். இதில் சேசிஸும் வீடும் ஒரே கம்பெனி சேர்த்து யோசித்தது. ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ காரின் முன்சக்கர இழுவையை அப்படியே எடுத்துப் போட்டதால் அடியில் நீளமான ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கிடையாது. பின்னால் சக்கரங்கள் பக்கத்துக்கு இரண்டாக ஒன்றன்பின் ஒன்று நிற்கின்றன, இடையில் காற்றுப் பை. அதனால் தரை அவ்வளவு தாழ்வு. என் மாமியாருக்கு 78 வயது, முழங்கால் வலி. நண்பர்கள் வண்டியில் ஏற ஸ்டூல் கேட்பார். இதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறி, ஜன்னலோர இடம் பிடித்துவிடுவார்.

மணல்காற்று, உங்கள் மனைவி கேட்டது வண்டியைப் பற்றியே அல்ல என்று நினைக்கிறேன். வெயிலில் குழந்தைகளோடு நின்றதைப் பற்றி. அதைச் சரிசெய்தால் போதும்.

மணல்காற்று | ஏப்ரல் 20

நேற்று சோதனை செய்தேன். 97 டிகிரி. சொல்லிவைத்தது போல 10 நிமிடத்தில் அடம் பிடித்தது.

த்ராட்டிலை இழுத்தேன். ஒரு சொட்டு வரவில்லை, துளை எலும்பு போல வறண்டு இருந்தது. ஸ்பார்க் பளிச்சென்று நீலம். பெட்ரோல் மூடியைத் திறந்தபோது டிஷ்யூ தாள் என் முகத்தில் வந்து ஒட்டியது. ஆக, காற்று வெளியேதான் தள்ளுகிறது. காதை வைத்துக் கேட்டால் டேங்குக்குள் சோடா பாட்டில் மாதிரி ஒரு சலசலப்பு.

ஒன்று மட்டும் புரியவில்லை. 1976-லும் அரிசோனா இதே வெயில்தானே? அப்போது எப்படி ஓட்டினார்கள்?

பழைய மெக்கானிக் | ஏப்ரல் 20

நல்ல கேள்வி தம்பி. அப்போதும் சில வண்டிகளுக்கு வந்திருக்கும். ஆனால் பெட்ரோல் இன்று அதே பெட்ரோல் இல்லை. இப்போது 10 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, கலந்தால் எளிதில் ஆவியாகும். குளிர்காலத்துக்கென்று தரும் கலவை அதைவிட லேசு. அது பங்கில் தீராமல் இருக்கும் வசந்த காலத்தில் திடீரென்று வெயில் அடித்தால் ஆபத்து அதிகம். உங்களுக்கு ஏப்ரலில் வருவது ஆச்சரியமே இல்லை.

எங்கள் அம்பாசடரிலும் இப்படித்தான். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி ஏறும்போது ஏசி கம்பெனி பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். பர்லியாரில் வண்டியை நிறுத்தி டீ குடிப்பதற்கு அது ஒரு சாக்கு. உங்கள் எஞ்சினிலும் இருப்பது அதே வகை பம்ப்தான், அளவுதான் பெரிது. அது டேங்கில் இருந்து அவ்வளவு தூரம் உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிப்பதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை. மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறைகிறது. ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாகவும் கேட்கிறது. எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேருகிறது. குழாயில் ஆவி நிறைந்துவிட்டால் அந்த பம்புக்கு அதை இழுத்துத் தள்ளத் தெரியாது.

மருந்து: டேங்குக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் வையுங்கள். அங்கிருந்து தள்ளினால் குழாய் முழுக்க அழுத்தத்தில் இருக்கும், லேசில் கொதிக்காது. அழுத்தம் 7 பிஎஸ்ஐ தாண்டாத பம்பாகப் பாருங்கள், தாண்டினால் கார்பரேட்டர் ஊசி தாங்காமல் வழியும். மின்சாரத்தை ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். விபத்தாகி எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும், அதற்காக.

ஆனால் அதற்கு முன்னால் ஹோஸ்களைப் பாருங்கள். டேங்குக்கு மேலே இருக்கும் ரப்பர் குழாய்களை யாராவது எப்போதாவது மாற்றினார்களா? இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? வாய்க்குக் காற்றுதான் வரும். இங்கேயும் அதேதான். வெடித்த ஹோஸ் கீழே கசியாது, ஏனென்றால் அது உறிஞ்சும் பக்கம். நீங்கள் தரையில் ஈரம் தேடினால் காணவே முடியாது. ஆனால் எலெக்ட்ரிக் பம்ப் வைத்த பிறகு அதே மாதிரி வெடிப்பு பம்புக்கு அடுத்த பக்கம் இருந்தால் பெட்ரோலைப் பீச்சி அடிக்கும். அதனால்தான் ஹோஸ் முதலில், பம்ப் அப்புறம்.

கிளிநொச்சியான் | ஏப்ரல் 21

ஓம், ஐயா சொல்வது நூறு வீதம் சரி. ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்கும் வகையோ என்று கேட்டு வாங்குங்கோ. பழைய ரப்பரை எத்தனால் தின்றுவிடும். டேங்குகளை இறக்காமல் மேலே கை போகாது. ஒவ்வொன்றும் 25 காலன், பெற்றோலை முழுதாக எடுத்துவிட்டு இறக்குங்கோ. ஜெனரேட்டருக்குப் போகும் குழாயையும் மறக்க வேண்டாம். எல்லாரும் மறப்பது அதைத்தான்.

மணல்காற்று | மே 11

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு வார இறுதி போனது.

பக்கத்து வீட்டு நண்பரோடு சேர்ந்து டேங்குகளை இறக்கினோம். மெயின் டேங்க் மேலே இருந்த ஹோஸைத் தொட்டதும் கையில் கரி ஒட்டியது. மெதுவாக வளைத்தேன், சுற்றிலும் மயிரிழை மயிரிழையாக வாய் திறந்தது. உள்பக்கம் ஊறிய அப்பளம் மாதிரி கொழகொழ. ஹோஸ் மேல் அச்சடித்த எழுத்தைப் படித்தால் வண்டியோடு வந்ததுதான் போல. 900 டாலர் வாங்கியவர்கள் வண்டிக்கு அடியில் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

எல்லா ஹோஸும் புதுசு. எலெக்ட்ரிக் பம்ப், ஆயில் பிரஷர் சுவிட்ச் வைத்தாயிற்று. எக்ஸாஸ்ட் பக்கமாகப் போகும் பெட்ரோல் குழாய்க்கு வெப்பம் தாங்கும் உறை போட்டேன். ஹோஸ், பம்ப், உறை எல்லாம் சேர்த்து 300 டாலருக்குள்.

இன்று 101 டிகிரி. சன்செட் பாயிண்ட் வரை நிற்காமல் ஏறியது. ஏற்றம் தொடங்கியதும் நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன், மனைவி பின்னால் எலுமிச்சைச் சாதம் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே போனதும் வேண்டுமென்றே 10 நிமிடம் அணைத்து வைத்தேன். சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது. பெரிய கண்ணாடி வழியாக அந்தப் பள்ளத்தாக்கைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விற்பது பற்றி இன்று பேச்சே வரவில்லை. நாளைக்கு வரலாம்.

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கூடவே ஒரு சின்ன சந்தேகம். ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கம் இடதுபுறம் மட்டும் மூன்று அங்குலம் தாழ்ந்து கிடக்கிறது. காற்றுப் பை போய்விட்டதா?

பட்ஜெட்பாலா | மே 11

ஆரம்பிச்சாச்சு! 😀

பழைய மெக்கானிக் | மே 12

பையை உடனே குற்றம் சொல்லாதீர்கள் தம்பி. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, முதலில் குழாய் இணைப்புகள், அப்புறம் உயரத்தைச் சரிசெய்யும் வால்வு, கடைசியில் பை என்று பாருங்கள். எங்கே நுரை விடுகிறதோ அங்கே ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். அடியில் படுப்பதற்கு முன் சேசிஸுக்கு நல்ல ஸ்டாண்ட் கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். காற்று இறங்கினால் வண்டி மொத்தமாக உங்கள் மேல் உட்கார்ந்துவிடும்.