செய்தியில் வந்ததும் நேரில் கண்டதும்: அமெரிக்கத் தமிழர் அனுபவங்கள்

மினியாபொலிஸ் வாசி

2020 மே 25 இரவு எங்கள் ஊர் போலீஸ் வெளியிட்ட அறிக்கை இன்னும் நினைவிருக்கிறது. ஒருவர் கைதுக்கு இணங்காமல் முரண்டு பிடித்தார், விலங்கு மாட்டினோம், உடல்நலம் கெட்டது போலத் தெரிந்தது, ஆம்புலன்ஸை வரவழைத்தோம், இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். போலீஸ்காரர் அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியது பற்றி ஒரு வரி கிடையாது. டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் போனில் எடுத்த வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்ட பிறகுதான் ஜார்ஜ் ஃப்ளாய்டு என்ற அந்தக் கறுப்பர் எப்படி இறந்தார் என்று ஊருக்குத் தெரிந்தது. மறுவருடம் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சரைக் கொடுக்கும் குழு அந்தப் பெண்ணுக்குச் சிறப்புப் பாராட்டு கொடுத்தது. நிருபர் வேலையை ஒரு பள்ளி மாணவி செய்ய வேண்டியிருந்தது என்பதைப் பத்திரிகை உலகமே ஒப்புக்கொண்ட மாதிரி.

நான் கேட்பது அவ்வளவு பெரிய சம்பவங்களை அல்ல. நீங்கள் நேரில் கண்டது ஒன்று, செய்தியில் வந்தது வேறொன்று என்று ஆன நேரம் உண்டா? முதலில் யார் சொன்னதை எழுதினார்கள்? சேனல் பெயர், ஆட்கள் பெயர் வேண்டாம்.

காலை ஷிஃப்ட்

நான் உள்ளே இருப்பவள். நடுத்தர நகரம் ஒன்றின் டிவி நிலையத்தில் காலைச் செய்தித் தயாரிப்பாளர்.

வெளியில் நினைப்பது போல யாரும் உட்கார்ந்து, இன்றைக்குக் கறுப்பர்களை மோசமாகக் காட்டுவோம் என்று திட்டம் போடுவதில்லை. திட்டம் போட நேரம் ஏது? விடிகாலைச் செய்திக்கு நள்ளிரவிலேயே வேலைக்கு வந்துவிடுவோம். அந்த நேரத்தில் போன் போட்டால் எடுக்கக்கூடிய ஒரே அலுவலகம் போலீஸ்தான். அதற்கும் முன்பே பிரஸ் நோட் மெயிலில் வந்து கிடக்கும். வயது, தெரு, குற்றச்சாட்டு, கூடவே கைதானதும் சிறையில் எடுத்த முகப்படம். அப்படியே திரையில் போட வேண்டியதுதான் பாக்கி. கைதானவரின் அம்மாவையோ வக்கீலையோ அந்த நேரத்தில் எங்கே போய்ப் பிடிப்பது? 'போலீஸார் தெரிவித்தனர்' என்று ஒரு வால் சேர்த்துவிட்டால் எங்கள் தரப்பில் பாதுகாப்பு.

படம் விஷயம்தான் எனக்கு உறுத்தும். கடையில் எதையோ எடுத்துக்கொண்டு ஓடிய பையனுக்குச் சிறைப் படம்: கலைந்த தலை, தூக்கமில்லாத கண். கம்பெனிப் பணத்தைக் கையாடியவர் வக்கீலோடு வந்து சரணடைவார், அன்றே ஜாமீன். அவருக்கு நாங்கள் போடுவது கம்பெனி இணையதளத்தில் டை கட்டிச் சிரிக்கும் படம். எது முதலில் கைக்குக் கிடைத்ததோ அதைத்தான் போட்டோம், உண்மைதான். ஆனால் தொடர்ந்து பார்க்கிறவர் மனதில் 'குற்றவாளி' என்றால் எந்த முகம் தங்கும்? கூட்டத்தில் கேட்டேன். "இருக்கிற படத்தைத்தானே போட முடியும்" என்றார் மேலாளர். அவர் கெட்டவரே இல்லை, அதுதான் சிக்கல்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1967-ல் பல நகரங்களில் வெடித்த இனக் கலவரங்களுக்குப் பிறகு ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், 1968 அறிக்கையில் ஒரு அத்தியாயத்தையே பத்திரிகைகளுக்கு ஒதுக்கியது. செய்தி நிறுவனங்கள் வெள்ளையர் கண்ணால் வெள்ளையருக்காகவே உலகத்தைப் பார்க்கின்றன என்று அரசு ஆணையமே எழுதியது. ஆசிரியர் குழு வேலைகளில் அப்போது கறுப்பர்கள் 5 சதவீதம்கூட இல்லை. 1978-ல் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் ஒரு இலக்கு வைத்தது: 2000-க்குள் மக்கள்தொகையில் சிறுபான்மையினர் எவ்வளவோ, நியூஸ்ரூமிலும் அவ்வளவு. 2000 வந்தது, போனது, இலக்கு மட்டும் வரவில்லை. என் ஷிஃப்டில் வெள்ளையர் அல்லாதவள் நான் ஒருத்திதான். அதனால் 'இந்தத் தலைப்பு சரியா, பார்த்துச் சொல்' என்று எல்லா இனத்துச் செய்தியும் என் மேஜைக்கு வரும். ஹைட்டி பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஒஹாயோ மருந்துக்கடை

ஹைட்டி என்றதும் கை துறுதுறுத்தது. ஹைட்டிக்காரர்கள் நிறையப் பேர் குடியேறிய ஸ்பிரிங்ஃபீல்டு எங்கள் வீட்டிலிருந்து பக்கம். 2024 செப்டம்பர் 10 ஜனாதிபதித் தேர்தல் விவாதத்தில் டிரம்ப், அங்கே குடியேறியவர்கள் நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்றார். மறுநாள் காலையே எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் சிரிப்பு பொம்மையோடு பூனைப் படம் அனுப்பினார். அடுத்த சில நாட்களில் வெடிகுண்டு மிரட்டல் வந்து பள்ளிக்கூடங்களைக் காலி செய்தார்கள். என்னிடம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் ஹைட்டி அம்மா அந்த வாரம் வரவில்லை. மகன் வந்தான். அம்மா வெளியே வரப் பயப்படுகிறார் என்றான்.

கதை எங்கே தொடங்கியது தெரியுமா? ஒரு ஃபேஸ்புக் பதிவு. பக்கத்து வீட்டுக்காரரின் மகளுடைய சிநேகிதியின் பூனை என்று போகும் அது. எழுதியவரே பிறகு, தனக்கு நேரடியாக எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார். பூனை காணோம் என்று புகார் கொடுத்த இன்னொரு பெண்மணியின் பூனை, சில நாளில் அவர் வீட்டு நிலவறையிலேயே கிடைத்தது. அவர் பக்கத்து வீட்டு ஹைட்டிக் குடும்பத்திடம் போய் மன்னிப்புக் கேட்டார். அந்தச் செய்தியை எங்கள் குழுவில் நான் போட்டேன். சிரிப்பு பொம்மை ஒன்றும் வரவில்லை.

மாநில ஆளுநர் டிவைன் குடியரசுக் கட்சிக்காரர்தான். ஆதாரமே இல்லை என்று அவரே சொன்னார். ஆனாலும் வாரக்கணக்கில் கேமராக்கள் வந்தன. கடைக்கு வந்த ஒரு நிருபர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீங்கள் ஏதாவது பார்த்தீர்களா?" இல்லை என்றேன். மைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 'பார்க்கவில்லை' என்பது செய்தி இல்லை போலிருக்கிறது.

டிரம்பின் துணை ஜனாதிபதி வேட்பாளர் வான்ஸ் செப்டம்பர் 15 அன்று சி.என்.என். பேட்டியில், ஊடகம் கவனிக்க வேண்டுமானால் கதைகளை உருவாக்கவும் தயார் என்கிற மாதிரி பேசினார். பிறகு, கவனத்தை உருவாக்குவதைத்தான் சொன்னேன் என்று விளக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடியது மூடியதுதான்.

டெக்சாஸ்காரன்

எதை எடுத்தாலும் நிறத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டுமா? இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் முகம் சுளித்ததில்லை. நெடுஞ்சாலையில் டயர் வெடித்து நின்றேன். ரோந்து வந்த போலீஸ்காரர் வெயிலில் மண்டியிட்டு எனக்கு ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தார். இதை எந்த டிவி காட்டும்? நியூஸ்ரூம்களில் பெரும்பாலும் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி மனோபாவம்தான். இரண்டு பக்கமும் மூட்டிவிட்டுக் காசு பார்க்கிறார்கள். நாம் படித்தோம், உழைத்தோம், முன்னேறினோம். மற்றவர்களுக்கு அது ஏன் முடியவில்லை என்று கேட்டால் உடனே இனவாதி என்பீர்கள்.

பழைய குடி

தம்பி, உங்களுக்கு உதவிய போலீஸ்காரர் நல்ல மனிதர். சந்தேகமே இல்லை. எனக்கும் அப்படிப்பட்டவர்களைத் தெரியும்.

நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் நம்மை எந்த இனக் கணக்கில் வைப்பது என்று அரசுக்கே குழப்பம். 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 1930, 1940 கணக்கெடுப்புகளில் நமக்கு இனம் 'இந்து'. முஸ்லிமாக இருந்தாலும் சீக்கியராக இருந்தாலும் அதுதான். 1970-ல் வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980-லிருந்து ஆசிய இந்தியர். என் தோல் நிறம் அப்படியேதான் இருந்தது.

உழைத்து முன்னேறினோம் என்கிறீர்கள். உழைத்தோம், சரி. 1965 குடியேற்றச் சட்டம் வந்த பிறகு யாரை உள்ளே விட்டார்கள்? டாக்டர், என்ஜினீயர், விஞ்ஞானி. சலித்து எடுத்த அரிசியைக் காட்டி எங்கள் வயலில் கல்லே இல்லை என்று பெருமையடித்தால் எப்படி? அந்தக் கதவு திறந்ததற்குப் பின்னால் கறுப்பர்கள் தெருவில் அடிவாங்கி நடத்திய உரிமைப் போராட்டம் இருக்கிறது. 'முன்மாதிரிச் சிறுபான்மை' என்று பத்திரிகைகள் நம் முதுகில் தட்டும்போதெல்லாம் அந்தக் கை இன்னொருவர் கன்னத்தில் அறைவதற்காகவும் ஓங்கப்பட்டது.

2017 பிப்ரவரி 22 அன்று கான்சஸ் மாநிலம் ஒலேத்தாவில் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா என்ற என்ஜினீயரைச் சுட்டுக் கொன்றவன், என் நாட்டை விட்டுப் போ என்று கத்தினான். ஈரான்காரர் என்று நினைத்தானாம். டிகிரியை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நடக்க முடியாதே. 2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனுக்கு வெள்ளை மாளிகையில் செயற்கை நுண்ணறிவு ஆலோசகர் பதவி அறிவித்ததும் இணையத்தில் நம்மவர்களுக்கு விழுந்த வசவைப் படித்தீர்களா? வைதவர்களில் பலர் நீங்கள் சொல்லும் அந்தக் 'கட்சி மனோபாவத்துக்கு' எதிர்த் தரப்பு.

டெக்சாஸ்காரன்

படித்தேன் சார். அது எனக்கும் கசந்தது. ஆனால் மீடியா பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

ஜெர்சி பொண்ணு

மீடியா பற்றி அண்ணா சொன்னதில் பாதி எனக்கு ஓகே. 2024-ல் கமலா ஹாரிஸ் வேட்பாளர் ஆனதும் ஒரு டிவியிலிருந்து எங்கள் கல்லூரித் தமிழ்ச் சங்கத்துக்குப் போன். இளம் இந்திய வாக்காளர் வேண்டுமாம். போனேன். ரொம்ப நேரம் பேசினேன்: கல்விக் கடன், காஸா, அம்மாவின் இன்ஷூரன்ஸ், அவருக்கு ஓட்டுப் போடுவேனா என்று இன்னும் முடிவு செய்யாதது. ஒளிபரப்பானது சில விநாடிகள். தோசை பற்றி நான் சிரித்துக்கொண்டே சொன்னது. நிருபரும் இந்திய வம்சாவளிதான், அதுதான் கடுப்பு.

அந்த வாரம்தான் டிரம்ப் சிகாகோவில், அதுவும் கறுப்பினப் பத்திரிகையாளர் சங்க மேடையிலேயே, கமலா இந்தியராக இருந்து திடீரென்று கறுப்பர் ஆகிவிட்டார் என்றார். ஜூலை 31. உடனே எல்லா சேனலிலும் விவாதம்: அவர் எது? அம்மா சியாமளா சென்னையிலிருந்து வந்தவர், அப்பா ஜமைக்கா, படித்தது கறுப்பர்களுக்காகத் தொடங்கிய ஹோவர்டு பல்கலைக்கழகம். இதில் என்ன புதிர்? எங்கள் வீட்டுப் பெரியவர்களும் குறைச்சலில்லை. 2020 மாநாட்டு உரையில் 'சித்தி' என்றதும் நம்ம பொண்ணு என்று கொண்டாடினார்கள். அவர் கறுப்பினப் பெண்ணாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும்போது மட்டும் முகம் மாறும். ஏன் என்று பாட்டியிடம் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

கமராக்காரன்

நான் யாழ்ப்பாணம். ஃப்ரீலான்ஸ் கமரா வேலை. 2020 மே 29 விடியக் காலமை மினியாபொலிஸ் ஆர்ப்பாட்டத்தில ஒமார் ஹிமினெஸ் எண்ட சி.என்.என். கறுப்பின நிருபரை நேரலையில கதைச்சுக்கொண்டு இருக்கேக்கயே கைவிலங்கு போட்டுக் கொண்டு போச்சினம். எங்க நிக்கோணும் எண்டு சொல்லுங்கோ, அங்க போறம் எண்டு அவர் பொலிசிட்ட பணிவாக் கேட்டதை உலகமே பாத்தது. அதே சி.என்.என். வெள்ளைக்கார நிருபர் கொஞ்சம் தள்ளி நிண்டவர். அவரோட மரியாதையாக் கதைச்சு, நிக்க விட்டிட்டினம். மினசோட்டா ஆளுநர் வோல்ஸ் அண்டைக்கே மன்னிப்புக் கேட்டவர்.

நானும் அப்ப வேறொரு நகரத்தில ஆர்ப்பாட்டம் எடுத்துக்கொண்டிருந்தனான். கமரா தோளில இருந்தா நான் பிரஸ். அதை வானுக்குள்ள வச்சிட்டுக் கோப்பி வாங்கப் போனா, ஐ.டி. எங்க? என்னோட வந்த வெள்ளைக்காரச் சவுண்ட் பெடியனை ஒருத்தரும் கேக்கேல்லை. ஊரில செக்பொயின்ற்றில பழகின கை, கேக்க முன்னமே தன்பாட்டில எடுத்து நீட்டும். அவன்தான் எனக்காகக் கோவப்பட்டவன்.

பெயர் வேண்டாம்

படித்துக்கொண்டே வந்தேன். காலை ஷிஃப்ட் அக்காவிடம் ஒரு கேள்வி. என் தம்பி கல்லூரி நாளில் ஒரு பார்ட்டியில் கைதானான். உள்ளூர்ச் செய்தியில் பெயரும் படமும் வந்தது. வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது, அது எங்கும் வரவில்லை. இப்போது வேலைக்கு மனு போட்டால், பெயரைத் தேடினவுடன் அந்தப் பழைய செய்திதான் முதலில் நிற்கிறது. ஏதாவது வழி உண்டா?

காலை ஷிஃப்ட்

இருக்கிறது தம்பி. முன்பு 'வெளியிட்டதை நீக்க மாட்டோம்' என்று பிடிவாதமாக இருந்தோம். 2018-ல் கிளீவ்லாண்டின் ஒரு செய்தித் தளம் சிறு குற்றங்களில் பெயரை நீக்கக் கோரும் மனுக்களைப் பரிசீலிக்கத் தொடங்கியது. வேறு சில பத்திரிகைகளும் பின்தொடர்ந்தன. அசோசியேட்டட் பிரஸ் 2021 ஜூனில், மேற்கொண்டு செய்தி எழுதப் போவதில்லை என்று தெரிந்த சிறு வழக்குகளில் சந்தேக நபர் பெயரையே போடுவதில்லை என்று முடிவெடுத்தது.

தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகலை நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் வாங்குங்கள். நிருபருக்கு எழுத வேண்டாம், அவர் இதற்குள் வேறு ஊர் போயிருப்பார். இணையப் பதிப்பின் பொறுப்பாசிரியருக்கு எழுதுங்கள். கட்டுரை இணைப்பு, வழக்கு எண், உத்தரவு மூன்றும் ஒரே மெயிலில். கோபத்தைக் கொட்டாதீர்கள், நியாயமான கோபம்தான் என்றாலும். நீக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், வழக்குத் தள்ளுபடியானதை மேலே சேர்க்கவும், படத்தை எடுக்கவும், தேடலில் வராமல் செய்யவும் கேளுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்புங்கள். எங்கள் மெயில் பெட்டியில் போலீஸ் அனுப்புவது மட்டும்தான் தானாக மேலே வரும்.