கார் ரைடு மிஷின் காசை விழுங்குது, ஓட மாட்டேங்குது. அவசர உதவி தேவை

செக்காலை_பேக்கரி:
வணக்கம். காரைக்குடியில் கடை வாசலில் பிள்ளைகள் ஏறி ஆடுகிற கார் மிஷின் ஒன்று போட்டிருக்கிறோம். காசு போட்டால் வாங்கிக்கொள்கிறது, பாட்டு ஒரு நொடி வருகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. காசு போனது போனதுதான். நேற்று பேரனைக் கூட்டிவந்த அப்பத்தா ஒருத்தர் நான் என்னமோ ஏமாற்றிச் சம்பாதிப்பதுபோல் வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார். முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா வருகிறது, அந்தக் கூட்டத்துக்குள் சரியாகணும். போர்டு மாற்றணுமா? என்ன செலவாகும்?

ஒயர்மேன்_தேவகோட்டை:
எந்தக் காசு போடுகிற மிஷின்? காசு வாங்குகிற பெட்டி எலக்ட்ரானிக்கா, பழைய கம்பி வைத்த மாடலா? எப்போதும் இப்படியா, சில நேரம் மட்டுமா? பாட்டு நிற்கும்போது போர்டில் லைட் எரிகிறதா? கடைசியாக யார் கை வைத்தது? இது எதுவுமே சொல்லாமல் செலவு கேட்டால் எப்படிச் சொல்வது?

பழைய_இரும்பு:
துருதான். வாசலில் வெயில் மழையில் கிடக்கிற மிஷின். மோட்டாரை ஆன் பண்ணுகிற ரிலே சுவிட்சின் கான்டாக்ட் கருத்திருக்கும், கனெக்டர் பச்சை பூத்திருக்கும். துருவை ஆராய்கிற சிக்ரி ஆய்வகம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு துருவுக்கு வெளியூர்க்காரனிடம் வைத்தியம் கேட்கிறீர்கள் 😄

நாணயப்_பித்தன்:
5 ரூபாய் மிஷின் என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் கோளாறு காசில்தான். முன்பு வந்த பித்தளை நிற 5 ரூபாய் 23 மி.மீ. அகலம், 6 கிராம். அதே 23 மி.மீ.யில் அதற்கும் முந்தைய வெள்ளை 5 ரூபாய் 9 கிராம். 2019-ல் வந்த புது 5 ரூபாய் 25 மி.மீ., 6.74 கிராம். இந்த மூன்றையும் ஒரே மிஷினில் போட்டால் அது என்ன செய்யும் பாவம்? மாதிரிக் காசு ஒன்றைச் சொருகி வைக்கிற மாடல் என்றால், காயிலுக்கு நடுவில் இருக்கிற அந்தக் காசோடு ஒத்துப்போவதை மட்டும்தான் அது உள்ளே விடும். பட்டனில் கற்றுக்கொடுக்கிற மாடல் என்றால் ஒரே காசைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கற்றுக்கொடுக்கக் கூடாது. புதுசு, தேய்ந்தது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது எல்லாம் கலந்து போடணும்.

ரிலே_ராஜா:
பதில் எழுதுவதற்கு முன் கேள்வியைப் படிக்கிற பழக்கம் இங்கே ஒருவருக்கும் இல்லை. "காசு வாங்கிக்கொள்கிறது, பாட்டு வருகிறது" என்று அவரே எழுதியிருக்கிறார். காசு பிடிக்கவில்லை என்றால் கீழே திருப்பித் துப்பியிருக்கும். பாட்டு வந்திருக்கிறது என்றால் காசுப் பெட்டி 'காசு வந்தது' என்கிற மின் சிக்னலை, அதாவது தன் பல்ஸைக் கொடுத்துவிட்டது, போர்டும் அதை எண்ணிவிட்டது. காசின் வேலை அங்கே முடிந்தது. மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் வீக். பாதி மிஷின்கள் இதில்தான் படுக்கும். மல்டிமீட்டர்கூட வைத்துக்கொள்ளாதவர்கள் ஏன் மிஷின் வாங்குகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

நாணயப்_பித்தன்:
பல்ஸ் பாதி போய் நின்றிருக்கலாமே சார்? காசுப் பெட்டியில் பல்ஸ் வேகத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், வேகம் / நடுத்தரம் / மெதுவாக என்று. மெதுவாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிலே_ராஜா:
பல்ஸ் பாதி போனால் பாட்டே வராது. இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

செக்காலை_பேக்கரி:
5 ரூபாய் காசு. எலக்ட்ரானிக் பெட்டி. காலையில் நன்றாக ஓடுகிறது, சாயங்காலம்தான் இந்தக் கூத்து. நிற்கும்போது போர்டு லைட் அணைந்து திரும்ப எரிகிறது. மீட்டர் இல்லை.

திருவிழா_ராட்டினம்:
தம்பி, சாயங்காலம் மட்டும் என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது. ஊர் ஊராய்த் திருவிழாவில் மிஷின் போடுகிறவன் நான், ஜெனரேட்டரிலும் கொக்கி லைனிலும் ஓட்டிப் பார்த்தவன். இது வோல்டேஜ். மோட்டார் கிளம்புகிற நேரத்தில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சாயங்காலம் தெருவே ஏசி, மோட்டார் என்று இழுத்துக்கொண்டிருக்கும். 230 வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாரின் இழுவை 60 சதவீதம்தான் இருக்கும். அது திணறிக்கொண்டே நிற்கும், கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், உங்கள் ஒயரில் வோல்டேஜ் இன்னும் கீழே போகும். போர்டு அணைந்து எரிகிறது என்றால் அதுவும் செத்துப் பிழைக்கிறது என்று அர்த்தம். அப்படி எழும்போது காசு போட்ட ஞாபகம் அதற்கு இருக்காது. அதுதான் காசு விழுங்கும் ரகசியம். இரண்டு விஷயம் சொல்லுங்கள்: போர்டுக்குக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரில் வருகிறதா, வோல்டேஜ் குறைந்தாலும் தாங்குகிற எஸ்எம்பிஎஸ் சப்ளையிலா? மிஷின் பிளக் எங்கே சொருகியிருக்கிறது, அந்த லைனில் வேறு என்ன ஓடுகிறது?

ஒயர்மேன்_தேவகோட்டை:
அண்ணன் சொல்வது சரி. மீட்டர் இல்லாமலே பார்க்க ஒரு வழி: மெயினை அணைத்துவிட்டு மோட்டார் ஒயரை மட்டும் கழற்றி, முனையில் டேப் சுற்றி, சாயங்காலமே காசு போட்டுப் பாருங்கள். பாட்டும் லைட்டும் முழு நேரம் ஓடினால் போர்டு நல்லது. அப்புறம் மோட்டாரை மாட்டி, காலையில் பாருங்கள். அப்போதும் முனகி நின்று, லேசாகக் கையால் ஆட்டிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் ராஜா சார் சொன்ன கெப்பாசிட்டர். ஆட்டிப் பார்க்கும்போது காரின் மேல்பகுதியை மட்டும் பிடியுங்கள், கீழே கிராங்க் பக்கம் விரல் போகவே கூடாது. இன்னொன்று, எர்த் இருக்கிறதா? இரும்பு உடம்பு, வாசல் ஈரம், மேலே பிள்ளைகள். கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடாமல் திருவிழாக் கூட்டத்தில் இதை ஓட்டாதீர்கள். காசு விழுங்கினால் திட்டோடு போகும், இது அப்படிப் போகாது.

கானாடுகாத்தான்_பையன்:
இவ்வளவு கஷ்டப்பட்டு 5 ரூபாயா? 10 ரூபாய் காசுக்கு மாற்றிவிடுங்கள் அண்ணே.

பழைய_இரும்பு:
10 ரூபாய் காசை எங்கள் பக்கம் யார் வாங்குகிறார்கள்? பெட்டி நிறைய சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு எங்கே போவார்?

நாணயப்_பித்தன்:
வாங்க மாட்டேன் என்பதுதான் தப்பு. 10 ரூபாயில் அதுவரை வந்த 14 டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ₹ குறி இல்லாத பழையதும் செல்லும்.

பழைய_இரும்பு:
ரிசர்வ் வங்கி சொல்லும். பூக்கடை ஆச்சியிடம் நீட்டிப் பாருங்கள், "நோட்டு இருந்தா குடு, இல்லாட்டி பூவை வச்சுட்டுப் போ" என்பார். அவரிடம் 14 டிசைனையும் விளக்குவீர்களா?

நாணயப்_பித்தன்:
விளக்குவேன். விளக்கியிருக்கிறேன். கடைசியில் வாங்கினார்.

கானாடுகாத்தான்_பையன்:
பூ வாடியிருக்கும் அதற்குள்.

திருவிழா_ராட்டினம்:
காசே வேண்டாம், டோக்கன் போடுங்கள். கல்லாவில் காசோ ஜிபேயோ வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்துவிட்டால், பெட்டிக்கு ஒரே அளவைக் கற்றுக்கொடுத்தால் போதும். மிஷின் நின்றாலும் இன்னொரு டோக்கனைக் கொடுத்துச் சமாதானம் பண்ணலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஆனால் ஒன்று, பிள்ளைகளுக்குக் காசை ஓட்டையில் போடுகிற சந்தோஷம் தனி, டோக்கனுக்கு அவ்வளவு மவுசு இல்லை.

ரிலே_ராஜா:
இழை எங்கே போகிறது என்று பாருங்கள். கேட்டவரையும் காணோம்.

செக்காலை_பேக்கரி:
ஐஸ்கிரீம் ஃப்ரீசரும் இதுவும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர்தான். மெயின் போர்டிலிருந்து தனியாக இரண்டரை எம்எம் ஒயர் இழுத்தாச்சு, எர்த்தும் ஆர்சிசிபியும் போட்டாச்சு. நேற்று சாயங்காலம் முழுக்க நிற்காமல் ஓடியது. நன்றி அண்ணே. கடையில் கூட்டம், அப்புறம் வருகிறேன்.

ரிலே_ராஜா:
கெப்பாசிட்டர் மாற்றினீர்களா இல்லையா?

நாணயப்_பித்தன்:
25 மி.மீ. புது 5 ரூபாயை வாங்குகிறதா என்று மட்டும் ஒரு தடவை போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒயர்மேன்_தேவகோட்டை:
அவர் இனி வர மாட்டார், விடுங்கள்.